வெள்ளிக்கிழமைச் சுண்டல்

ஜனவரி 8, புதன்

இந்த வருட டைரியும் உரக்கடைச் செல்லையா கொடுத்ததுதான். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். இன்றைய பக்கத்தில் தண்டுத் துளைப்பான். எனக்கும் வயலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை; ரயில்வே ஜங்ஷன் பார்சல் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓசியில் வந்த டைரியைக் குறை சொல்லக் கூடாது.

மாவு பொங்கிப் புளித்துவிட்டது. என் வீட்டம்மா ஆவுடை இருந்தவரை மாவு புளிக்கும் என்கிற சங்கதியே எனக்குத் தெரியாது. அவள் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. பிள்ளை குட்டி கிடையாது. பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். மத்தியானத்துக்கு மெஸ்ஸிலிருந்து கேரியர் வந்துவிடும். ராத்திரிதான் தகராறு.

வேறு வழியில்லாமல் மார்க்கெட் பக்கம் உள்ள சாரல் ஃபாஸ்ட் ஃபுட்டுக்குப் போனேன். இந்த வயதில் முதல் தடவை. ஒரு பையன் சோற்றைத் தீக்குள் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். சுவரில் ‘செல்ஃப் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கிறது. தட்டை நாமே வாங்க வேண்டும், தண்ணீரை நாமே பிடிக்க வேண்டும். பிறகு எதற்கு ஹோட்டல்? வெஜ் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டேன். மோசமில்லை. நாக்கு செத்துப்போய்க் கிடந்ததோ என்னவோ.

வெளியே வரும்போது கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் ஏதோ ஆய்வு என்று சொல்லி என் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். நாளைக்குப் போன் வரும் என்றார்.

ஜனவரி 9, வியாழன்

சொன்னபடி போன் வந்தது. சென்னையிலிருந்து நஸ்ரின் என்று ஒரு பெண். எடுத்த எடுப்பில், “வணக்கம் சார், சாப்ட்டீங்களா?” என்றாள். இது ஆய்வில் உள்ள கேள்வியா என்று கேட்டேன். இல்லையாம், சும்மா கேட்டாளாம்.

விஷயம் இதுதான். மக்கள் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் எவ்வளவு அடிக்கடி சாப்பிடுகிறார்கள், நாளாக ஆக அது கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு கம்பெனி கணக்கெடுக்கிறது. மார்ச் முடிய வாரா வாரம் வியாழக்கிழமை கூப்பிடுவாள். “ஒரு வாரம் போகலைன்னா கூட சிஸ்டம் உங்க பேரை எடுத்துடும் சார். அப்புறம் கால் வராது” என்றாள்.

“கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை?” ஒரு முறை. “எத்தனை பேராகச் சென்றீர்கள்?” ரெண்டு பேர், நானும் வீட்டம்மாவும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் பழகிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போதும் இப்படித்தான் வருகிறது. ஆனால் இரண்டு பேர் என்று சொன்னதும் அவளிடம் புதிதாகக் கேள்விகள் முளைத்துவிட்டன. உங்கள் மனைவி எவ்வளவு நாளுக்கு ஒரு முறை இப்படிச் சாப்பிடுவார்? எப்போதாவது. யாருடன்? என்னோடுதான். அவருக்கு மிகவும் பிடித்தது எது? ஃப்ரைடு ரைஸ் என்று அடித்துவிட்டேன். கடைசி வாரத்தில் இதே கேள்விகளை மறுபடி கேட்பாளாம், என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க.

ஆவுடைக்குக் கடைச் சாப்பாடு என்றாலே ஆகாது. நானாவது டீக்கடையில் வடை தின்றிருப்பேன்.

ஜனவரி 14, செவ்வாய்

ஆவுடை போன தலை வருடம், அதனால் பொங்கல் கிடையாது. எதிர் வீட்டில் கரும்பு கொடுத்தார்கள். வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 15, புதன்

நாளை வியாழன். எனவே சாரலுக்குப் போனேன்.

எனக்குப் பொய் பிடிக்காது. இரண்டு பேர் என்று சொல்லியாயிற்று, இரண்டு ப்ளேட் வாங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். பார்சல் ஆபீசில் மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்பது அனுப்பினவன் பாடு. ஒரு தட்டை எதிர்ப்பக்கம் வைத்தேன். கல்லாவில் இருக்கும் அம்மாள் பெயர் ஜெபராணி, கடை அவளுடையது. “யாரும் வாராவளா அண்ணாச்சி?” என்றாள். வீட்டில் உடம்பு சரியில்லை, அவளுக்குத்தான், பார்சல் கட்டிக் கொடு என்றேன். அதற்கு ஏன் தட்டில் வாங்கினீர்கள் என்று நியாயமாக அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

அடுப்படி அலமாரியைத் துடைத்தேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டின தக்காளி சாஸ் பாக்கெட்டுகள். விரல் நீளத்துக்கு, சிவப்பாக. எதிர் வீட்டுப் பிள்ளைகள் கொடுத்திருக்கும். எதையும் தூக்கிப்போட மனம் வராதவள். நானும் போடவில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்றால் வீடு இன்னும் வெறிச்சென்று இருக்கிறது. வெள்ளி தவறாமல் சாயங்காலம் கோயிலுக்குப் போவாள். நான் இரண்டாம் ஷிப்டு பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்று டிவி முன்னால் உட்கார்ந்த பிறகும் சரி. வந்து எனக்குத் தோசை ஊற்றிப் போடுவாள். “நீங்க சாப்பிடுங்க, எனக்குக் கோயில்ல தந்த சுண்டலே வயிறு நெறஞ்சிட்டு” என்பாள். அவ்வளவு பக்தி. அவளைப்போல ஒருத்தியைப் பார்க்க முடியாது என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இந்த வாரம் ஆவுடை நூடுல்ஸ் சாப்பிட்டாள் என்று சொன்னேன். முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் கையாலேயே பிசைந்து சாப்பிட்டாள் என்றேன். நஸ்ரின் சிரித்துவிட்டாள். “இதை எழுத இடம் இல்ல சார்.” இடமில்லாவிட்டால் போகிறது என்றேன். நீ என்னம்மா சாப்பிட்டாய் என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதாம், எல்லாம் பதிவாகிறதாம்.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. முப்பத்து நாலு வருடத்தில் அவளை நான் ஹோட்டலுக்குக் கூட்டிப்போனதே இல்லை. இந்த ஒரு மாதமாக வாரா வாரம் போய்க்கொண்டிருக்கிறோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடையத்திலிருந்து உலகம்மாள் வந்திருந்தாள். ஆவுடையின் தங்கை. தலை திவசத்துக்கு ஐயர் மார்ச் இருபத்து மூன்று என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். சமையல் இவள் பொறுப்பு. திண்டாட்டம் என்ன என்றால், அன்றைக்கு இலையில் செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும்.

“அக்காவுக்குப் பிடிச்சது என்னென்னன்னு சொல்லுங்க அத்தான். அதெல்லாம் செஞ்சிருவோம்.”

நான் மளமளவென்று சொன்னேன். புளிமிளகாய், கத்தரிக்காய்ப் பொரியல், சொதி, உளுந்தம் பருப்புச் சோறு, அரிசிப் பாயசம்.

உலகு என்னையே பார்த்தாள். பிறகு, “அது உங்களுக்குப் பிடிச்சதுலா?” என்றாள்.

“அவளும் அதைத்தானே சாப்பிட்டா.”

“பண்ணதுல மிச்சம் இருந்ததச் சாப்பிட்டிருப்பா. பிடிச்சது எதுன்னு கேக்கேன்.”

நீ தங்கைதானே, நீ சொல்லேன் என்று மடக்கினேன். சின்ன வயதில் ஐஸ் பிடிக்கும், கல்யாணத்துக்குப் பிறகு தெரியாது என்றாள். யோசித்து வையுங்கள், இல்லாவிட்டால் இலை முழுக்க உங்கள் சாப்பாடுதான் இருக்கும், அக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பாள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பிப்ரவரி 19, புதன்

யோசித்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாதிரி ஒரு காட்சிகூட நினைவில் வரவில்லை. கரண்டியும் கையுமாக நிற்கிறாள். அவ்வளவுதான் வருகிறது.

பிப்ரவரி 27, வியாழன்

சர்க்கரை ஏறியிருக்கிறது. வெளியே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். எப்போதாவது என்றேன். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவரிடம் சொன்னால் புரியுமா?

நஸ்ரின் இன்றும் “சாப்ட்டீங்களா” என்றாள்.

மார்ச் 12, புதன்

எழுதுவதா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

பிரஸ்ஸில் முதலாமாண்டு நினைவஞ்சலிப் போஸ்டருக்கு மாதிரித் தாள் கொடுத்தார்கள். படம் உலகு மகன் கல்யாணத்தில் எடுத்தது. எழுத்துப்பிழை பார்க்கலாம் என்று அதைச் சாரல் மேஜையிலேயே விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கொரு தட்டு, எதிரே ஒரு தட்டு.

“மதினிக்கு இப்பம் எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று ஜெபராணி மேஜை துடைக்க வந்தாள். வாரா வாரம் கேட்பதுதான். பரவாயில்லை என்று வாரா வாரம் சொல்வதையே நானும் சொன்னேன். தாளை மடிக்கத் தோன்றவில்லை.

அவள் கை நின்றுவிட்டது.

“இது வெள்ளிக்கிழம அக்கால்லா?”

“எந்த அக்கா?”

“இவியதான். அந்தா, கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல உக்காருவாவ. ஏசுவே, இறந்தா போனாவ? எங்கேயோ சொந்தக்காரங்க ஊருக்குப் போயிட்டாவன்னுலா நெனச்சிட்டு இருந்தேன். உங்களுக்கு இவிய யாரு அண்ணாச்சி?”

“என் வீட்டம்மா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு எதிரே இருந்த தட்டைப் பார்த்தாள். இரண்டு மாதமாக நான் அளந்த கதையெல்லாம் அந்த மேஜையில் நாறிப்போனது. ஆனால் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளா வந்தா?”

“கடை தொறந்த வருசத்துலேருந்து. மழை பேஞ்சாலும் வெள்ளிக்கிழம சாயங்காலம் வந்துருவாவ.”

“யாரோட?”

“தனியாத்தான். ஒரு ப்ளேட் கோபி மஞ்சூரியன், வெங்காயம் கூடுதலா. வேற எதுவும் கேக்க மாட்டாவ. ஆனா ஒண்ணு, எந்திரிக்கவே மாட்டாவ. செல்ஃப் சர்வீஸ்னு எழுதிப் போட்டிருக்குல்லா? எல்லாரும் வந்து வாங்கிட்டுப் போவாவ. அக்கா மட்டும் உக்காந்த இடத்துல உக்காந்திருப்பாவ. நாந்தான் தட்டு கொண்டு போவணும், தண்ணி வைக்கணும். மொதல்ல எனக்குக் கோவம் வந்துட்டு. ‘எக்கா, எந்திச்சு வந்தா என்னா?’ன்னு கேட்டுட்டேன். என்ன சொன்னாவ தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“‘ஜெபா, கோபியெல்லாம் சும்மா. எனக்கு யாராவது கொண்டாந்து வைக்கணும், நான் உக்காந்து திங்கணும். அதுக்குத்தான் வாரேன்’னாவ. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாவ. அதுக்கப்புறம் நானே கொண்டு போயிருவேன். போவும்போது சாஸ் பாக்கெட் ரெண்டு எடுத்துக்கிடுவாவ, சின்னப் பிள்ள மாதிரி.”

எழுந்து வந்துவிட்டேன். போஸ்டர் மேஜையிலேயே கிடந்தது. ஜெபராணி வாசல் வரை ஓடிவந்து கொடுத்தாள்.

மார்ச் 13, வியாழன்

நஸ்ரின் கூப்பிட்டாள். உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் கூப்பிடும்மா என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கோபம் கோபமாக வருகிறது. சுண்டலாம் சுண்டல்! எந்தக் கோயிலில் வயிறு நிறையச் சுண்டல் கொடுக்கிறார்கள்? ஒரு நாளாவது எனக்கு அது உறைத்ததா? ஊரெல்லாம் அவள் பக்தியைச் சொல்லித் திரிந்தேன். அவள் சாரலில் கோபி தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குத் தோசை சுட்டிருக்கிறாள். அதுவும் சூடாக, ஒவ்வொன்றாக.

என்னிடம் சொல்லியிருந்தால் கூட்டிப்போயிருப்பேன்.

கூட்டிப்போயிருக்க மாட்டேன். கடைச் சாப்பாட்டில் என்னென்னவோ கலக்கிறான் என்று ஒரு பிரசங்கம் பண்ணியிருப்பேன்.

மார்ச் 17, திங்கள்

கோபம் போய்விட்டது. அது இருந்தபோது துணையாக இருந்தது.

மார்ச் 20, வியாழன்

நேற்று சாரலுக்குப் போனேன். ஒரு ப்ளேட். நஸ்ரினிடம் ஒரு தடவை என்று மட்டும் சொன்னேன். “எத்தனை பேராகச் சென்றீர்கள்?” என்றதும் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.

ஜெபராணியிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ப்ளேட் கோபி சொல்லியிருக்கிறேன். கடை சாயங்காலம்தான் திறக்கும். “அக்காவுக்குன்னா காலையிலயே அடுப்பப் பத்த வைக்கேன். திவசத்துக்கு வெங்காயம் பூண்டு ஆகாதுல்லா, அது இல்லாம போடட்டா?” என்றாள். அவளுக்கு எப்படிப் போடுவாயோ அப்படியே போடு என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

திவசம் முடிந்தது.

உலகு நேற்றே வந்து, விடியுமுன் எழுந்து, ஒண்டியாளாக எல்லாம் செய்தாள். என் பட்டியல்தான். வேறு பட்டியல் அவளுக்கு யார் கொடுத்தார்கள்? ஐயர் வந்து எள்ளும் தண்ணீரும் விட வைத்துவிட்டுப் போனார். படத்துக்கு முன்னால் இலை போட்டோம். நான் வெளியே போய்ப் பார்சலோடு வந்தேன். பிரித்ததும் பூஜை மூலை முழுக்கப் பூண்டு வாசம்.

“என்ன அத்தான் இது? பூண்டுலா மணக்கு! திவசத்தன்னைக்கா?”

“உங்க அக்காவுக்குப் பிடிச்சது. நீ கேட்டேல்லா, பிடிச்சது எதுன்னு.”

அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் எங்கெங்கோ போனது. ஒரு இடத்தில் சிரித்தாள். ‘யாராவது கொண்டாந்து வைக்கணும்’ என்ற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு கரண்டியை எடுத்தாள். “சரி, தாங்க, நான் வைக்கேன்.”

“வேண்டாம். நான் வைக்கேன்” என்று வாங்கினேன்.

எது எந்த ஓரத்தில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் இலை முன்னால் உட்கார்ந்தவனுக்கு, உப்பு எங்கே வைப்பார்கள் என்பது தெரியவில்லை. பொரியலை நடுவில் வைத்தேன். பாயசம் ஓடிப்போய்ச் சொதியில் கலந்தது. “இடப்பக்கம், அத்தான், இடப்பக்கம்” என்று உலகு பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். கோபியை மட்டும் சரியாக வைத்தேன், வெங்காயத்தை மேலே தூவி. சாஸ் பாக்கெட்டுகளையும் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் வைத்தேன். ஆவுடை, எழுந்திருக்காதே, உட்கார்ந்து சாப்பிடு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் தெரியவில்லை. அழுதேன் என்று உலகு சொல்கிறாள்.

காக்கைக்கு வைத்துவிட்டு வந்தபோது உலகு எனக்கு இலை போட்டு, நின்றுகொண்டிருந்தாள். கரண்டியும் கையுமாக. அப்படியே அவள் அக்கா.

“நீ உக்காரு” என்றேன்.

“நீங்க சாப்பிடுங்க அத்தான். நான் பொறவு...”

“உக்காருன்னு சொல்லுதேன்லா.”

என் இலையிலேயே அவளை உட்கார வைத்தேன். அவள் ஏதோ தப்புப் பண்ணினவள் போல உட்கார்ந்தாள். நான் சோறு போடப் போட, “போதும், போதும், ஐயோ, நீங்க போய் எனக்கு...” என்றாள். தண்ணீருக்கு எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு நான் கொண்டுவந்தேன். அப்பளத்துக்கு எழுந்தாள். அதையும் கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை அவள் எழவில்லை. குனிந்துகொண்டே சாப்பிட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“உனக்கு என்ன பிடிக்கும் உலகு?” என்று கேட்டேன்.

“திடுதிப்புன்னு கேட்டா எப்படி அத்தான் சொல்லுவேன்?” என்றாள். ரொம்ப நேரம் யோசித்தாள். இலையை மூடும் வரைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணிச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 27, வியாழன்

கடைசி வாரம்.

“வணக்கம் சார், சாப்ட்டீங்களா? இன்னைக்கு முதல் வாரக் கேள்விகள் சார்.”

“கேளும்மா.”

“கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை?”

“ஒரு தடவ. வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சேன்.”

“உங்கள் மனைவி எவ்வளவு நாளுக்கு ஒரு முறை துரித உணவகத்தில் சாப்பிடுவார்?”

“வாரம் ஒரு தடவ. வெள்ளிக்கிழமை.”

“முதல் வாரம் எப்பவாவதுன்னு சொல்லியிருக்கீங்க சார்.”

“அப்பம் எனக்குத் தெரியாது.”

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “யாருடன் செல்வார்? குடும்பத்துடன், நண்பர்களுடன், தனியாக?”

“தனியா.”

“சார்... உங்ககூடத்தானே வர்றாங்க?”

“இல்லம்மா. எங்கூட ஒரு நாளும் வந்ததில்ல. அவ போயி ஒரு வருசமாச்சு. நான் உங்கிட்ட இத்தனை வாரமும் சொன்னது எல்லாம் பொய். நீ வேணும்னா அழிச்சிரு. இன்னைக்குச் சொல்லுதது மட்டும் நெசம், இத மட்டும் வச்சுக்க.”

பதிவாகிற போன், அவளுக்கு என்ன வில்லங்கம் வருமோ என்று எனக்குப் பதறியது. அவள், வாசித்துப் பழகிய அந்தக் குரலிலேயே, ஆனால் மெதுவாக, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

“அவருக்கு மிகவும் பிடித்தது எது?”

“யாராவது கொண்டாந்து வைக்கணும். அவ உக்காந்து சாப்பிடணும்.”

“சார், லிஸ்ட்ல அது இல்ல.”

“மற்றவைன்னு ஒண்ணு இருக்குமே, எல்லாத்துக்கும் கடைசியில?”

“இருக்கு சார்.”

“அதுல போடும்மா.”

எழுத்து எழுத்தாக அவள் தட்டுவது கேட்டது. நான் சொன்னதை அப்படியே எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினாள். சரிதானே சார் என்றாள். சரி என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைக்கப் போனவள், “நான் இன்னைக்கு தயிர் சாதம் சார். ஹாஸ்டல்ல” என்றாள்.

மார்ச் 28, வெள்ளி

சாரல். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜை. நான் எழுந்து போவதற்குள் ஜெபராணியே ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள், வெங்காயம் கூடுதலாக. இருக்கட்டும், தண்ணீரை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். “உக்காருங்க அண்ணாச்சி” என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.